அப்பா விட்டுச் சென்றது எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் முதுமை, நோய்த்தொற்று, மரபணு மூன்றையும் சேர்த்து ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் நடுவில் கட்டம் கட்டி ஒரு வரி வைத்திருந்தீர்களே, ‘தந்தைக்குக் காசநோய் இருந்ததா? உங்கள் மரபணுவும் அதைச் சுமக்கலாம்’ என்று, அந்த வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். காலை ஏழு மணிக்கு மதுரையிலிருந்து தம்பி மகன் போன் செய்தான். “அத்தை, பேப்பர் பாத்தீங்களா? அப்பாவுக்கு வந்தது தாத்தாகிட்ட இருந்துதானாம். அப்ப எனக்கும் வரும்ல?” என்றான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. ஏற்கெனவே ஒரு கம்பெனிக்குப் பதினான்காயிரம் ரூபாய் கட்டி, எச்சிலைக் குப்பியில் அனுப்பி, ஒரு ரிப்போர்ட்டும் வாங்கி வைத்திருக்கிறான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் லேப் டெக்னீஷியனாக 33 வருடம் இருந்து 2012-இல் ஓய்வு பெற்றவள். வயது 71. டாக்டர் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. சளி ஸ்லைடு பார்த்துப் பார்த்தே கண்ணாடி நம்பர் ஏறிப்போனவள். ஸ்லைடில் சளியைத் தேய்த்துக் காயவைத்து, சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியிலிருந்து சூடு காட்ட வேண்டும். ஆவி வரலாம், கொதிக்கக் கூடாது. பிறகு 25 சதவீதக் கந்தக அமிலம். மற்றதெல்லாம் சாயத்தை விட்டுவிடும், காசநோய்க் கிருமி மட்டும் விடாது. அதன் மேல்தோல் மெழுகு. கடைசியில் நீலச் சாயம். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் ‘பாசிட்டிவ்’. நூறு இடம் நகர்த்திப் பார்த்தும் ஒன்றிலிருந்து ஒன்பது குச்சிதான் தெரிந்தால் அதற்கு ‘ஸ்கேன்ட்டி’ என்று பெயர், எண்ணிக்கையையும் எழுத வேண்டும்.

அந்த ‘ஸ்கேன்ட்டி’ ஸ்லைடுகளில் பாதி கிழவன் கிழவிகளுடையது. இருபத்தைந்து வயதுப் பையனின் ஸ்லைடை வைத்தால் முதல் பார்வையிலேயே குச்சி குச்சியாக நிற்கும், மூன்று பிளஸ். எழுபது வயதுப் பாட்டியுடையதில் முக்கால் மணி நேரம் தேடுவேன். முதலில், பாட்டிகளுக்குச் சளியே வராது, எச்சில்தான் வரும். “நெஞ்சுல இருந்து இழுத்துத் துப்பும்மா” என்று சொல்லிக்கொடுத்து, பின்னால் நின்று முதுகைத் தட்டிக்கொடுத்து, மறுநாள் விடியலில் எடுக்கச் சொல்லி டப்பா கொடுத்தனுப்பி... மருமகள்கள் முகம் சுளித்துக்கொண்டு அந்த டப்பாவைச் சேலைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவருவார்கள். அப்படி வந்த சளியிலும் கிருமி நாலைந்துதான்.

ஏன் இப்படி என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. முதியவர்கள் சளி எடுக்கத் தெரியாதவர்கள் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பயிற்சி வகுப்பில் பெரிய டாக்டர் ஒருவர் விளக்கினார். நுரையீரலில் குழி விழுவதற்குக் கிருமி மட்டும் காரணமில்லையாம், நம் உடம்பு போடும் சண்டையும் காரணமாம். வாலிப உடம்பு மூர்க்கமாகச் சண்டை போடும். அந்தச் சண்டையில் நுரையீரலே அரித்துக் குழியாகும். குழிக்குள் கோடிக்கணக்கில் கிருமி பெருகி, இருமலோடு சளியில் வந்து விழும். வயதான உடம்பில் சண்டையே மந்தம். குழி குறைவு, அதனால் சளியில் கிருமி குறைவு. எக்ஸ்ரேயிலும் வழக்கமாக மேல்பக்கம் தெரிய வேண்டிய நிழல் சில சமயம் கீழ்ப்பக்கம் தெரியும், ‘நிமோனியா’ என்று எழுதிவிடுவார்கள். காய்ச்சலும் ஏறாது. காய்ச்சல் என்பதே உடம்பு போடும் சண்டையின் சூடுதானே. ஆள் மெலிவார், சோறு இறங்காது, திண்ணையிலேயே படுத்திருப்பார். வீட்டில் “வயசாயிடுச்சு” என்பார்கள். என் சர்வீஸில் எத்தனை பேரை அந்த ஒரு வார்த்தையே கொண்டுபோனது என்று கணக்கு வைக்கவில்லை.

கழுத்துக்குக் கீழே, மார்பெலும்புக்குப் பின்னால், தைமஸ் என்று ஒரு சுரப்பி. குழந்தைக்குப் பெரிதாக இருக்கும், வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். புதிய கிருமியை அடையாளம் காணும் டி அணுக்கள் பக்குவப்படுவது அங்கேதான். அறுபதுக்கு மேல் புது வரவு மிகக் குறைவு, பழைய ஆட்களை வைத்துத்தான் காவல். இது எல்லாருக்கும் பொது. ஆனால் எல்லாக் கிழவர்களுக்கும் காசநோய் வருவதில்லையே? ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்தவர்களில் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை. உங்கள் கட்டுரை அங்கேதான் மரபணுவைக் கொண்டுவந்தது. எங்கள் வீட்டுக் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

1961-இல் அப்பா படுத்தார். அரிசி மில்லில் வேலை. தவிட்டுத் தூசியால் வரும் இருமல் என்று ஒரு வருடம் ஓட்டினார்கள். இரத்தம் வந்த பிறகுதான் தாம்பரம் சானடோரியம். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்துக் கொடுப்பதற்குச் சமமாகவே குணமாகும் என்று உலகத்துக்கே சொன்ன ஆய்வு 1956-இல் நம் சென்னையில் தொடங்கி, 1959-இல் முடிவு வெளிவந்திருந்தது. ஆனால் அது எங்கள் ஊர் வரை வந்து சேரவில்லை. எட்டு மாதம் அப்பா அங்கேதான் இருந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, வாயில் வைக்க முடியாத பாஸ் மருந்து. பிழைத்து வந்து இன்னும் 23 வருடம் இருந்தார்.

அப்பா சானடோரியம் போன வாரமே மதுரையிலிருந்து பெரியம்மா வந்தாள். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “இவனையாச்சும் காப்பாத்திக்கிறேன்” என்று ரயில் ஏறிவிட்டாள். திரும்ப அனுப்பவே இல்லை. அவன் அவர்கள் பிள்ளையாகவே வளர்ந்தான். பதினொரு வயது அண்ணன் அதுவரை அப்பாவோடு ஒரே திண்ணையில், ஒரே போர்வையில் படுத்தவன். நான் ஏழு வயது, அம்மா பக்கத்தில் உள்ளே படுப்பேன்.

1968-இல் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு ஜீப் வந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த, பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் ஆய்வு அது. ஒரு கையில் டெஸ்ட் ஊசி, இன்னொரு கையில் தடுப்பூசி. சிலருக்குத் தடுப்பூசிக்குப் பதில் வெறும் நீர். யாருக்கு எது என்று போட்டவருக்கே தெரியாது. மூன்றாம் நாள் வந்து கைவீக்கத்தை அளந்தார்கள். அண்ணனுக்கு முழங்கை பக்கம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கிருமி எப்போதோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். (அந்த ஆய்வின் பதினைந்து வருட முடிவு 1999-இல் வந்தது. பெரியவர்களுக்கு அந்தத் தடுப்பூசியால் பலனில்லை. நான் வேலை பார்த்த மாவட்டத்தில் எடுத்த முடிவு உலகப் புத்தகங்களிலெல்லாம் இருக்கிறது, எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியாது.)

இப்போது அண்ணனுக்கு 75. நாற்பது வருடம் பீடி. நோய் அவரை எட்டிப் பார்க்கவில்லை. “எங்கப்பன் கூடப் படுத்தவன்டா, இரும்பு” என்று நெஞ்சைத் தட்டுவார். கிருமி இல்லாத வீட்டில், பால் சோறு போட்டு வளர்த்த தம்பிக்கு 66-ஆம் வயதில் வந்தது.

போன தை மாதம் ஒரு காதுகுத்துக்கு மதுரை போயிருந்தேன். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்தெலும்பு துருத்தி நிற்கிறது. சட்டை காலர் தனியாக நிற்கிறது. 68 கிலோ இருந்தவன் 54. “சுகர்க்கா, பதினெட்டு வருஷமா இருக்கு, அதான்” என்றான். இருமல் பெரிதாக இல்லை, காய்ச்சல் இல்லை. தெருமுனை டாக்டர் இரண்டு தடவை லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டதும் பத்து நாள் தெம்பு வருமாம், பிறகு பழையபடி. அதைக் கேட்டதுமே எனக்குப் பொறி தட்டியது. அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். கொல்லாமல் அடிக்கும். நோய் மறைந்துகொள்ளும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். இப்படி நான்கு மாதம் போயிருந்தது.

காதுகுத்து வீட்டிலிருந்தே மறுநாள் காலை டப்பா வாங்கி, என் எதிரிலேயே சளி எடுக்கவைத்து, அரசு மருத்துவமனையில் கொடுத்தேன். பழைய ஸ்லைடு காலம் இல்லை, இப்போது ட்ரூநாட். கிருமியின் டி.என்.ஏ.வையே பிடித்துவிடுகிறது. அன்று மாலையே பாசிட்டிவ். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்பதும் தெரிந்துவிட்டது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டான். இப்போது 63 கிலோ. ஸ்லைடு போட்டால் ஒருவேளை எனக்கே நெகட்டிவாகத்தான் தெரிந்திருக்கும். அதை நினைத்தால் கொஞ்சம் நடுங்குகிறது. முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை பேருக்கு நெகட்டிவ் எழுதியிருப்பேன்?

இனி தம்பி மகன் கேட்டதற்கு வருகிறேன். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்ததா? வந்தது என்றால், எது வந்தது? கிருமியா, மரபா?

கிருமியாகவே இருக்கலாம். மூன்று வயதில் ரயில் ஏறியபோதே தம்பியின் நெஞ்சுக்குள் அது இருந்திருக்கலாம். 63 வருடம் தூங்குமா என்று கேட்பீர்கள். டென்மார்க்கில் ஒரு தகப்பனுக்கு 1961-இல் காசநோய். அந்தக் கிருமியை உலர்த்திப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 33 வருடம் கழித்து, 1994-இல், மகனுக்கு நோய் வந்தது. இரண்டு கிருமிகளின் டி.என்.ஏ.வையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றே. அப்பாவின் கிருமி மகனுக்குள் அத்தனை காலம் ஒளிந்திருந்தது. எங்கள் அப்பா படுத்ததும் அதே 1961 என்பதால் இந்தக் கதையை என் பேரன் கம்ப்யூட்டரில் படித்துக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடம்பு கிருமியைக் கொல்வதில்லை, சுற்றிலும் அணுக்களால் சுவர் கட்டிச் சிறை வைக்கிறது. காவலாளி தளர்ந்தால் கைதி வெளியே வருவான். முதுமை ஒரு தளர்வு. சர்க்கரை இன்னொரு தளர்வு. தம்பிக்கு இரண்டும் இருந்தன.

மரபாகவும் இருக்கலாம். அதற்கும் டென்மார்க்கில்தான் ஒரு கணக்கு இருக்கிறது, 1988-இல் வெளிவந்தது. தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் 960 பேருடைய குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளில் யார் யார் எதனால் இறந்தார்கள், பெற்றவர் எதனால், வளர்த்தவர் எதனால் என்று பார்த்தார்கள். பெற்றவர்களில் ஒருவர் ஐம்பது வயதுக்குள் தொற்றுநோயில் இறந்திருந்தால், பிள்ளையும் தொற்றுநோயில் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடியிருந்தது. வளர்த்தவர் அப்படி இறந்திருந்தால் கூடவில்லை. பெரியம்மா எத்தனை பாலூற்றி வளர்த்தாலும் எலும்பு அப்பாவுடையதுதான் என்கிற மாதிரி. இதைப் படித்த அன்று நான் தம்பியை நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம் பக்கத்திலும் இதைத் தேடியிருக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் தென்னிந்தியக் காசநோயாளிகளைப் பார்த்து, எச்.எல்.ஏ.-டி.ஆர்.2 என்ற மரபு வகை அவர்களிடம் கூடுதலாக இருக்கிறது என்று 1991-இல் எழுதினார்கள். எச்.எல்.ஏ. என்பதை நான் என் பேரனுக்குச் சொன்னது இப்படித்தான்: கிருமியை விழுங்கிய அணு, அதைத் துண்டு போட்டு ஒரு தாம்பாளத்தில் வைத்து டி அணுவுக்குக் காட்டும். அந்தத் தாம்பாளம் வீட்டுக்கு வீடு வேறு. சில தாம்பாளத்தில் சில துண்டுகள் சரியாக உட்காரும், சிலவற்றில் வழுக்கிவிடும். தாம்பாளம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு வகை ‘கூடுதலாக இருக்கிறது’ என்றால், அது இருப்பவருக்கெல்லாம் நோய் வரும் என்று பொருளில்லை. அந்த வகை உள்ளவர்களில் பெரும்பாலானோர் காசநோயே இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

மூன்றாவது, மதுரையிலேயே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருவர் இருமியதாகவும் இருக்கலாம். நம் நாட்டில் இதை மறந்துவிட்டு மரபணு பேசுவது, மழையில் நின்றுகொண்டு ஈரம் எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று கேட்பது போல.

மூன்றில் எது? தெரியாது. அப்பாவின் கிருமி இப்போது எந்த ஆய்வகத்திலும் இல்லை. ஒரு ஸ்லைடைப் பார்த்து ஊரைச் சொல்லக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டு மூன்று பிள்ளைகளை வைத்து மரபணுவைப் பற்றி நானும் சொல்லக் கூடாது. ஆனால் உங்கள் கட்டம் கட்டிய வரி சொல்லிவிட்டது.

இதைவிட முக்கியமான ஒன்று கட்டுரையில் விடுபட்டுப் போனது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 2015-இல் 210 இரட்டையர்களின் இரத்தத்தை எடுத்து நோய் எதிர்ப்பு அளவுகளை இருநூறுக்கு மேல் அளந்தார்கள். எட்டு வயதுக் குழந்தை முதல் 82 வயதுக் கிழவர் வரை. அந்த அளவுகளில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவற்றில், ஆளுக்கு ஆள் தெரிந்த வித்தியாசத்தில் பாதிக்கும் அதிகமான பங்கு மரபிலிருந்து வரவில்லை, வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. சின்ன வயது இரட்டையர் ஒருவரையொருவர் ஒத்திருந்தார்கள். வயதான இரட்டையர் விலகிப் போயிருந்தார்கள். ஒரே கருவில் பிரிந்த இருவருக்கே அறுபது வயதில் எதிர்ப்புச் சக்தி வேறு வேறாகிவிடுகிறது என்றால், முதியவர்களைப் பற்றிய கட்டுரையில் அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? இருபது வயதில் மரபுக்கு இருக்கும் கை, எழுபதில் அவ்வளவு நீளமில்லை. நடுவில் பீடி வருகிறது, சர்க்கரை வருகிறது, பட்டினி வருகிறது, பழைய தொற்றுகள் ஒவ்வொன்றும் தன் தழும்பை விட்டுப் போகின்றன. டென்மார்க் தத்துப் பிள்ளைகளின் கணக்கும் அறுபது வயதைத் தொடவில்லை என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆய்வு இருக்கிறது, அதை உங்கள் கட்டுரையாளர் தொடாமல் விட்டதற்கு நன்றி. அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்தில் 165 முதியோர் இல்லங்களில், சேரும்போது அந்தக் கைவீக்க டெஸ்ட் நெகட்டிவாக இருந்த 25,398 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். கறுப்பர்களில் 13.8 சதவீதத்தினருக்கும் வெள்ளையர்களில் 7.2 சதவீதத்தினருக்கும் புதிதாகத் தொற்று ஏறியது. 1990-இல் வெளிவந்து, இனத்திலேயே எதிர்ப்புக் குறைவு என்று பேச வைத்தது. ஆனால் தொற்றிய பிறகு நோயாக மாறுவதில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை என்றும் அதே ஆய்வில் இருந்தது. யார் எந்த அறையில், யாருக்குப் பக்கத்தில், எத்தனை வருட உழைப்புக்கும் வறுமைக்கும் பிறகு அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதையெல்லாம் ஊசி போட்ட கை சொல்லாது. இதே பேச்சு நம் ஊரில் நடந்தால் எங்கே போய் முடியும்? சாதியில் போய் முடியும். சேரிப் பக்கத்திலிருந்து வரும் ஸ்லைடுகளில் பாசிட்டிவ் அதிகம் என்று என்னிடமே சொல்லிச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீட்டுக்கு அவர்கள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

தம்பி மகனின் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். வழவழ தாளில் இருபத்திரண்டு பக்கம். ‘பாக்டீரியா எதிர்ப்பு: சராசரிக்குக் கீழே’ என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீட்டர், வண்டிப் பெட்ரோல் முள் மாதிரி. எந்த மக்களை வைத்து அந்தச் சராசரி எடுத்தார்கள் என்று எங்கும் இல்லை. காசநோயில் ஒரு நாட்டில் தெரிந்த மரபணுத் தொடர்பு அடுத்த நாட்டில் தேடினால் தெரியாமல் போன கதை பலமுறை நடந்திருக்கிறது. டிக்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால் காசநோய் வாய்ப்பு நிச்சயமாகக் கூடுகிறது என்று 2018-இல் கண்டார்கள். ஐரோப்பியர்களில் சுமார் அறுநூறு பேரில் ஒருவருக்கு அப்படி இருக்கிறது, நம் பக்கத்தில் அது அபூர்வம். அவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். மீதியெல்லாம் நூல் பிரி மாதிரி, ஒவ்வொன்றும் துளித்துளியாகப் பல சேர்வது. அதை மீட்டராகப் போட்டு விற்கலாம், அதை வைத்து மருந்து எழுத முடியாது.

எனக்குக் கோபம் அந்தப் பணத்தில் இல்லை. அந்தப் பதினான்காயிரம் கட்டிய மூன்று வாரமும் அவன் அம்மாவுக்கு, அதாவது ஒரே அறையில் படுத்த தம்பி மனைவிக்கு, ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. 62 வயது. எடுப்பது இலவசம். நான் போனில் கத்திய பிறகுதான் போனார்கள். நோய் இல்லை என்று வந்ததும், தடுப்பு மருந்து வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். அவனுக்கும் கொடுத்தார்கள். ஆரஞ்சு மீட்டரை யாரும் கேட்கவில்லை.

மரபணு உண்மையிலேயே கைகொடுக்கும் ஒரு இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால், அது மருந்தில். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயசிட் மாத்திரையை உடம்பு உடைத்து வெளியேற்றும் வேகம் பிறப்பிலேயே அமைந்தது. சிலருக்கு வேகம், சிலருக்கு மெதுவு. மெதுவானவர்களுக்குக் கைகால் எரிச்சல் வரும் என்று 1960-லேயே சென்னை ஆய்வு மையத்தினர் எழுதிவிட்டார்கள். அந்த எரிச்சலைத் தடுக்க பி6 மாத்திரை போதும். வாரம் ஒருமுறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது வேகக்காரர்களுக்குக் குணம் குறைந்ததும் இங்கேதான் தெரிந்தது. மெதுவுக்காரர்களுக்கு ஈரல் பாதிப்பும் கூடுதல், முதியவர்களுக்கும் கூடுதல். அதனால் வயதானவர் மாத்திரை ஆரம்பித்த பிறகு கண் மஞ்சளாகிறதா, வாந்தி வருகிறதா என்று வீட்டில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தம்பிக்கு மூன்றாம் வாரம் உள்ளங்கால் எரிந்தது. பி6 கூட்டினார்கள், சரியானது.

2019-லிருந்து 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய். 55 வயதைத் தாண்டியவர்களில் அது 588. அறிகுறி இருந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. கட்டம் கட்டுவதென்றால் இந்த எண்களுக்குக் கட்டுங்கள். கூடவே இரண்டு வரி சேருங்கள்: அறுபது தாண்டியவர் காரணமில்லாமல் மெலிந்தால், இருமல் இல்லாவிட்டாலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும் சளிப் பரிசோதனை. ஸ்லைடு நெகட்டிவ் என்றால் அதோடு விடாமல் ட்ரூநாட் கேட்க வேண்டும், எக்ஸ்ரே கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல், நோய் உறுதியானதும் எழுந்து நிற்க முடிகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு எத்தனை, எடை எவ்வளவு என்று அங்கேயே பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். எந்த மரபணு ரிப்போர்ட்டும் இல்லாமல், எடை மெஷினும் நாலு கேள்வியும் வைத்து உயிர் பிடிக்கும் வேலை அது. எங்கள் காலத்தில் அது இல்லை.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லி, அவரும் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றேன். அப்பாவோடு படுத்தவர், கை பன்னாக வீங்கியவர், பீடி. “எனக்கா?” என்று சிரித்தார். இரும்பு என்று நினைப்பதும் குடும்ப வியாதி என்று நினைப்பதும் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடும், டப்பாவில் துப்பாத இடத்தில். தீபாவளி முடிந்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வந்தால் பார்ப்போம்.

கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயரும் ஊரும் வேண்டாம். தயவுசெய்து ‘ஓய்வுபெற்ற சுகாதாரத் துறை ஊழியர், திருவள்ளூர் மாவட்டம்’ என்று மட்டும் போடுங்கள். அண்ணன் பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள். போன மாதம் வந்த மாப்பிள்ளை வீட்டார், “உங்க குடும்பத்துல யாருக்கோ டி.பி.ன்னு கேள்விப்பட்டோமே” என்று தொடங்கினார்கள். அதோடு எழுந்து போய்விட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரத் துறை ஊழியர்,
திருவள்ளூர் மாவட்டம்